முதல் இடிக்குத் தாங்கும் மாப்பிள்ளை

குருவிநத்தம் சிங்காரவேலு மளிகைக் கடையில், இடி இடித்து ஓய்ந்த பிறகு எரியாமல் மிச்சமிருக்கும் சரக்கு தீப்பெட்டி ஒன்றுதான் என்று ஊரில் பேச்சு. போன வருஷத்து ஐப்பசியில் ஃபிரிட்ஜ் போனது. கார்த்திகையில் டி.வி. போனது. இந்தச் சித்திரையில் வந்த கோடை மழைக்கு எலக்ட்ரானிக் தராசு போனது. அதுவும் சும்மா போகவில்லை. காலித் தட்டுக்கு எண்பது கிலோ காட்டிவிட்டுப் போனது. ஒவ்வொரு தடவையும் கடைக்குப் பின்னால் நிற்கிற செல்போன் டவரும் கூடவே செத்தது. டவர் செத்தால் ஆற்றங்கரை வரைக்கும் யார் கையிலும் சிக்னல் இருக்காது. ஜனங்கள் வேறு வழியில்லாமல் ஒருவரோடொருவர் நேரில் பேச ஆரம்பித்து, அதனாலேயே இரண்டு நிச்சயதார்த்தமும் ஒரு பங்காளி உறவும் முறிந்து போயின.

அந்த டவருக்கு வைகாசியில் புதிதாக வந்து சேர்ந்த டெக்னீஷியன் புகழ்வேந்தன். கரியமாணிக்கத்துக்காரன். பாகூர், நெட்டப்பாக்கம் என்ற இரண்டு கொம்யூன் பஞ்சாயத்துகளிலுமாக முப்பது டவர்களை அவன் ஒருவனே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த முப்பதில் குருவிநத்தம் டவருக்கு மட்டும் வாரத்தில் ஐந்து நாள் பராமரிப்பு தேவைப்பட்டது. காரணம் டவரில் இல்லை, சாவியில் இருந்தது. டவர் நிற்கும் மனை சிங்காரவேலுவுடையது என்பதால் வேலிக் கதவின் சாவி அவருடைய கடைக் கல்லாவில் தொங்கும். கல்லாவில் அவர் மகள் வினோதினி உட்கார்ந்திருப்பாள். பி.காம். முடித்தவள். அப்பா வாடிக்கையாளர்களிடம் உலக விவகாரம் பேசிக்கொண்டிருக்க, கடையை நடத்துகிறவள் அவள்தான். சாவியை வாங்கும்போது ஒரு பேச்சு, திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பேச்சு. இப்படியே ஆடி மாதத்துக்குள், அந்தச் சாவியை ஆணியிலிருந்து எடுக்க மூன்று நிமிஷம், கொடுக்க முக்கால் மணி நேரம் என்றாகிவிட்டது.

புகழ்வேந்தனின் அம்மா தெய்வநாயகி, சிங்காரவேலுவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. முறையும் சரியாக இருந்தது. ஆவணி பிறந்ததும் தெய்வநாயகி பூவும் பழமுமாகப் பெண் கேட்க வந்துவிட்டாள். சிங்காரவேலு அவளுக்குக் காபி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார், பதிலை மட்டும் கொடுக்காமல் பேசிக்கொண்டே இருந்தார். வில்லியனூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பம் அதே பெண்ணைக் கேட்டு மாதம் இரண்டு முறை போன் பண்ணிக்கொண்டிருந்தது. ஹார்டுவேர் கடை என்றால் சிங்காரவேலுவுக்கு ஒரு மயக்கம். ஆணி, திருகு, கொக்கி எல்லாம் வீட்டோடு வருமே.

கடைசியில் வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, ஒம் புள்ள தங்கமான புள்ளதான். ஆனா அவன் பாத்துக்கற டவரு இடி இடிச்சா சாவுது. ஒரு டவரயே காப்பாத்தத் தெரியாதவன் எம் பொண்ண இன்னா காப்பாத்துவான்? ஐப்பசி மொத இடிக்கி அந்த டவரு நிக்கட்டும். எங் கடையில ஒரு பல்பு கூட போவாம இருக்கட்டும். தட்டத் தூக்கிக்கினு வா, மறுபேச்சு இல்ல. நிக்கலன்னா வில்லியனூருக்கு சரின்னுடுவேன்."

மறுநாள் சாவி வாங்கப் போனபோது புகழ்வேந்தன் முகம் பழைய துணி மாதிரி இருந்தது. வினோதினி சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அது எங்கப்பா கண்டிஷன். எங் கண்டிஷன் வேற."

"இன்னா?"

"அவரு கண்டிஷன்ல நீ ஜெயிக்கணும். வில்லியனூரு புள்ள போட்டோவுல கூட ஸ்பேனர் புடிச்சிக்கினு நிக்குது."

அன்றிலிருந்து புகழ்வேந்தனுக்கு வானத்தைப் பார்க்கிற வியாதி வந்துவிட்டது.

இடியிலிருந்து டவரைக் காப்பாற்றுவது எர்த் குழி. பூமிக்குள் ஆழமாக ஓர் இரும்புக் குழாயை இறக்கி, அதைச் சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, எப்போதும் ஈரமாக வைத்திருப்பார்கள். இடியோடு வருகிற மின்சாரம் மெஷின்களைத் தொடாமல் அந்தக் குழி வழியாக மண்ணுக்குள் இறங்கிப் போய்விட வேண்டும். குழி எவ்வளவு ஈரமோ அவ்வளவு நல்லது. ஆனால் குருவிநத்தம் மண் பெண்ணையாற்று மணல். அதற்கு இருக்கிற தாகம் கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குக் காத்திருக்கிறவனுக்குக் கூட இருக்காது. காலையில் பத்து குடம் ஊற்றினால் மத்தியானம் புழுதி பறக்கும். மின்சாரம் மண்ணுக்குள் இறங்க எவ்வளவு தடை என்று காட்டும் மீட்டரைப் புகழ்வேந்தன் வைத்துப் பார்த்தான். ஒன்றுக்குக் கீழே காட்ட வேண்டிய முள் ஒன்பதில் போய் நின்றுகொண்டு அவனை முறைத்தது.

அடுத்த நாள் ஒரு மூட்டை கல் உப்போடு வந்தான். குழியின் மூடியைத் திறந்து, உப்பைக் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மீட்டரை மாட்டிவிட்டு, முள்ளைப் பார்க்கத் தைரியமில்லாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பினான். எறங்கிடு, எறங்கிடு என்று அவன் உதடு முணுமுணுத்தது.

இந்தக் காட்சியை வேலிக்கு வெளியே நின்று காசம்மாள் பார்த்துவிட்டாள்.

காசம்மாள் பூரணாங்குப்பத்திலிருந்து அன்னக்கூடையில் மீன் கொண்டுவந்து ஊர் ஊராக விற்கிறவள். அவளிடம் மீன் வாங்கினால் சேதி இலவசம்; சேதி மட்டும் கேட்டுவிட்டு மீன் வாங்காமல் தப்பித்தவர் கொம்யூனில் யாரும் இல்லை. அவளுடைய இடது இமையில் பட்டாணி அளவுக்கு ஒரு மரு இருந்தது. மருவுக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொண்டு கோயிலில் போடுவது எல்லோரும் செய்வதுதானே. நாலு கோயிலில் போட்டுப் பார்த்துவிட்டாள், மரு அசையவில்லை. இப்போது படித்த பையன் ஒருவன், இரும்புக் கோபுரத்தின் அடியில், ஒரு மூட்டை உப்பைக் கொட்டிக் கண்மூடி வேண்டுகிறான் என்றால், அங்கே இருக்கிற சக்தி லேசுப்பட்டதாக இருக்குமா? அவன் போன பிறகு சிங்காரவேலு கடையிலேயே உப்பும் மிளகும் வாங்கி, சாவியும் வாங்கி, குழியில் போட்டு, மீன் கழுவ வைத்திருந்த தண்ணீரையும் ஊற்றிவிட்டுப் போனாள்.

ஒரு வாரத்தில் மரு விழுந்துவிட்டது. எங்கே விழுந்தது, அன்றைக்கு அவளிடம் மீன் வாங்கியவர்கள் யார் என்பதை எல்லாம் ஊர் கேட்கவில்லை. விழுந்தது என்பதே போதுமானதாக இருந்தது.

புரட்டாசி வருவதற்குள் டவர் அம்மன் என்று பெயரே வந்துவிட்டது. மருவுக்கு வந்தார்கள், மூட்டு வலிக்கு வந்தார்கள், அரியர்ஸ் வைத்திருந்த காலேஜ் பசங்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கை உப்பு, கொஞ்சம் மிளகு, ஒரு குடம் தண்ணீர். சேலியமேட்டிலிருந்து ஓர் ஆள் டிராக்டரில் தண்ணீர் டேங்கே கொண்டுவந்து ஊற்றினார். அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று அவர் மனைவிக்குக் கூடத் தெரியாது.

புகழ்வேந்தனுக்கு முதலில் பகீரென்றது. டவர் வேலிக்குள் ஜனங்கள் நடமாடுவதா? இடி நேரத்தில் எர்த் குழியின் பக்கத்தில் நிற்பது உயிருக்கு ஆபத்து என்று காசம்மாளிடம் படித்துப் படித்துச் சொன்னான். அவள், ஆத்தாளுக்கு அவ்வளவு உக்கிரமா என்று கேட்டு, அந்தச் சேதியையும் ஊர் ஊராகக் கொண்டுபோனாள். கூட்டம் இரண்டு மடங்கானது. கடைசியில் அவன் நீளமாக ஒரு பிளாஸ்டிக் பைப்பைக் குழியிலிருந்து வேலிக்கு வெளியே வரைக்கும் இழுத்து, முனையில் ஒரு புனலை மாட்டி, வேலிக் கதவை நிரந்தரமாகப் பூட்டிவிட்டான். ஊற்றுகிறவர்கள் வெளியில் நின்றே ஊற்றட்டும். உப்பு அதிகமானால் குழியின் இரும்புக் குழாயை அரித்துவிடுமே என்று அவன் கவலைப்பட்டபோது, அதை வினோதினி ஒரே வரியில் தீர்த்துவைத்தாள். கடைக்கு உப்பு வாங்க வந்த அத்தனை பேரிடமும், "ஆத்தாளுக்கு பிரஷராம், உப்ப கொறச்சிக்கினு தண்ணி கேக்குதாம்" என்று சொல்லிவிட்டாள். தன் உப்பு வியாபாரத்தைத் தன் மகளே கெடுக்கிறாளே என்று சிங்காரவேலு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதாவது, வீட்டில் சாப்பிடவில்லை.

முள் இறங்கியது. ஒன்பது ஐந்தானது, ஐந்து இரண்டானது. ஐப்பசி பிறந்த அன்று ஒன்றுக்கும் கீழே போய்ப் படுத்தேவிட்டது. இப்படி ஒரு அளவை பெங்களூரில் இருக்கிற பெரிய ஆபீஸ் டவரில் கூடப் பார்க்க முடியாது என்று புகழ்வேந்தன் மீட்டரைத் தூக்கிக்கொண்டு குதித்தான். கரியமாணிக்கத்தில் தெய்வநாயகி தாம்பாளத்தைப் புளி போட்டு விளக்கி, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கி, வாசலுக்கு நேராகச் சாய்த்து வைத்துவிட்டாள்.

ஐப்பசி நாலாம் நாள் மத்தியானம் காற்று நின்றது. வியர்வை காயவில்லை. கிழக்கே கடல் பக்கம் மேகம் கறுத்து, எருமைக் கூட்டம் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தது. இன்னும் சத்தம் எதுவும் இல்லை. இன்றைக்குத்தான் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. காசம்மாள் மீனைச் சீக்கிரமே விற்று முடித்துவிட்டு, பத்துப் பதினைந்து பெண்களோடு குடமும் கையுமாக வேலியோரம் வந்து நின்றாள்.

புகழ்வேந்தன் அன்று ஒரு புதுச் சர்ஜ் பெட்டி கொண்டுவந்திருந்தான். கரண்ட் கம்பி வழியாக வரும் அதிர்ச்சியைப் பிடித்து எர்த்துக்குத் தள்ளிவிடுகிற பெட்டி. மெஷின் அறையின் சுவரில் அதை மாட்டி, மெஷின்களைக் குழியோடு சேர்க்கிற எர்த் பட்டையில் கம்பியை முறுக்கி, வேலை சுத்தமா என்று பார்க்க மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பெட்டியிலும், நீளக் கம்பியை ஒட்டுப் போட்ட மறுமுனையை வெளியே குழியின் குழாயிலும் வைத்தான். இரண்டுக்கும் தொடர்பு இருந்தால் மீட்டர் பீப் என்று கத்த வேண்டும்.

மீட்டர் கத்தவில்லை.

பாட்டரியைத் தட்டினான். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தான், பீப் என்றது. மறுபடியும் பெட்டிக்கும் குழிக்கும் வைத்தான், சத்தமே இல்லை. சுவரோடு இறங்கிப் போகிற பட்டையைத் தொடர்ந்து போனான். அறைக்கு வெளியே, பரப்பியிருந்த ஜல்லியைக் கையால் விலக்கினான். அங்கே பட்டை முடிந்திருந்தது. முனையில் இரண்டு போல்ட்டுகள், எதையும் பிடிக்காமல், பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கின. குழிப் பக்கமும் அதேபோல் இரண்டு போல்ட்டுகள். நடுவில் இருக்க வேண்டிய பட்டை இல்லை.

மாதக்கணக்கில் குழியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவன், குழிக்கும் மெஷினுக்கும் நடுவில் வழி இருக்கிறதா என்று ஒரு நாள் கூடப் பார்க்கவில்லை. மீட்டர் குழியை மட்டும்தான் அளந்தது. அவனும் குழியை மட்டும்தான் கும்பிட்டான். இத்தனை நாளும் இடிக்குப் போக வழி தெரியாமல், மெஷினுக்குள்ளும் கரண்ட் கம்பிக்குள்ளும் ஓடி, அதே கம்பியில் இருக்கிற மாமாவின் கடைக்குள் புகுந்து ஃபிரிட்ஜையும் டி.வி.யையும் தின்றிருக்கிறது.

கம்பெனி ஸ்டோருக்குப் போன் போட்டான். பட்டை இருக்கிறதாம், நாளைக்குக் காலையில் அனுப்புவார்களாம். மேகம் நாளைக்கு வருவதாகத் தெரியவில்லை. வேறு யாருக்குப் பேசுவது என்று தெரியாமல் கடைக்குப் போன் போட்டான். கடை இருபது அடி தூரத்தில் இருந்தது. நடந்து போய் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை.

"வினோ, முடிஞ்சிடுச்சி. குழிக்கிப் போற பட்டை காணோம். எவனோ எடுத்துட்டான்."

"எப்படி இருக்கும் அது?"

"வெள்ளையா, தட்டையா, இரும்பு. மூணு வெரக்கடை அகலம். ஒரு ஆளு நீளம். ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு ஓட்டை."

மறுமுனையில் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் வந்தது, மெதுவாக.

"நீ லைன்லயே இரு."

வினோதினி தலையை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையின் முகப்பில், இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவில், குறுக்கே ஒரு தட்டை இரும்பு. அதில் பூவன் தார் இரண்டு, மொந்தன் தார் ஒன்று. இரும்பின் இரு பக்கமும் ரெண்டு ரெண்டு ஓட்டை; அந்த ஓட்டைகளில்தான் கயிறு கோத்து வாழைத்தார் தொங்கியது. போன வருஷம் பின்பக்கம் ஜே.சி.பி. வைத்து மண் வாரி ஜல்லி கொட்டியபோது, இயந்திரத்தின் பல்லில் மாட்டிக்கொண்டு வந்த இரும்பு. எதையும் தூக்கிப் போட மனசு வராத சிங்காரவேலு அதைக் கழுவித் துடைத்து மாட்டிவிட்டு, ஓட்டையோடு ஆண்டவனே அனுப்பியிருக்கிறான், கொல்லன் செலவு மிச்சம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டார். அதற்குப் பிறகுதான் ஃபிரிட்ஜ் போனது.

போனில் புகழ்வேந்தனுக்குக் கயிறு அறுபடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் தொப், தொப், தொப் என்று மூன்று தடவை. அப்புறம் இரும்பு தரையில் இழுபடுகிற சத்தம். போனைக் காதில் வைத்துக்கொண்டே திரும்பினான். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பட்டையை ஏர் மாதிரி இழுத்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்றாள் வினோதினி. பட்டை முழுக்க வாழைக் கறை.

"எங்கப்பா பாகூருக்கு சரக்கெடுக்கப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள மாட்டு."

அவன் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஸ்பேனர் பிடித்ததில்லை. வில்லியனூர் மாப்பிள்ளை போட்டோவுக்குப் பிடித்ததெல்லாம் ஸ்பேனரே இல்லை. ஓட்டைகளில் போல்ட்டுகள் பழைய நண்பர்களைப் போல ஓடிப் போய் உட்கார்ந்தன. கடைசி நட்டை இறுக்கி மீட்டரை வைத்தான். பீப். வேலிக்கு வெளியே நின்ற பெண்கள் அது ஆத்தாளின் குரல் என்று நினைத்துக் குலவை போட்டார்கள்.

அப்போது கடல் பக்கம் முதல் உறுமல் கேட்டது. தூரத்தில்தான். ஆனாலும் புகழ்வேந்தன் கருவிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வெளியே ஓடிவந்து, எல்லோரும் கடைக்குள் போங்கள் என்று கத்தினான். பெண்கள் நகரவில்லை. நேர்ந்துகொண்ட தண்ணீரை ஊற்றாமல் போவதா? அவன் ஆபத்து என்றான், உயிர் போய்விடும் என்றான். காசம்மாள் புனலை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

வினோதினி ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"கடையில வாழப்பழம் மூணு தாரு கீழ கெடக்குது. எடுத்துக்கலாம்."

குடங்கள் அந்தரத்தில் நின்றன. அடுத்த நொடி வேலியோரம் ஒரு ஈ, காக்கை இல்லை.

எல்லாரும் கடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்போது சிங்காரவேலு மொபெட்டில் வந்து இறங்கினார். முகப்பில் வாழைத்தார் இல்லை. தரையில் தோல். உள்ளே பதினைந்து பேர் வாய் நிறையப் பழம். அவர் வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அப்போதுதான் டவர் மேல் இடி இறங்கியது.

அப்படி ஓர் இடியை கொம்யூன் கண்டதில்லை. வானம் இரண்டாகப் பிளந்து குருவிநத்தத்தைப் பட்டப் பகலில் போட்டோ எடுத்தது. கடலூர் வரைக்கும் கோழிகள் அடைகாத்த முட்டைகள் ஒரு நாள் முன்னதாகப் பொரிந்தன. சிங்காரவேலுவின் மொபெட் தானாகவே ஸ்டார்ட் ஆனது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கடையில் இருந்த பல்பு ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். சிமிட்டிய கண்ணைத் திறந்தது, திறந்தபடியே இருந்தது. புதுத் தராசு சுத்தமாகப் பூஜ்யம் காட்டியது. பின்னால் எர்த் குழியின் மூடிக்கடியிலிருந்து, வறுத்த மிளகு வாசனையோடு, கொஞ்சம் ஆவி மட்டும் எழுந்து போனது.

சிங்காரவேலு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். சிக்னல் கோடுகள் நாலும் நிமிர்ந்து நின்றன. பின்பக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஜல்லிக்கு நடுவே, வாழைக் கறையோடு, தன்னுடைய பட்டை போல்ட் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அதன் ஓட்டைகளைப் பார்த்தார். ஃபிரிட்ஜ், டி.வி., தராசு என்று ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போயின. காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. புகழ்வேந்தன் வினோதினியைப் பார்த்தான், சிவந்து நிற்கிற மாமாவைப் பார்த்தான், உண்மையை விழுங்கிவிட்டான்.

"மாமா, ஸ்டோர்ல இருந்து பட்டை வர நாளைக்கி ஆவும்னாங்க. ஒங்க பட்டைய கேக்காம எடுத்துக்கினேன். அது இல்லன்னா இன்னிக்கி டவரு இல்ல."

சிங்காரவேலு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கிங்க. எம் பட்டை. இதுக்கோசரம்தான் ஒரு வருசமா பத்திரமா வச்சிருந்தேன்."

காசம்மாள் வாயில் இருந்த பழத்தை விழுங்கிவிட்டு, அது அவருடைய பட்டை இல்லை, ஆத்தாளுடைய பட்டை என்றாள். இரண்டு பேருக்கும் சண்டை ஆரம்பிக்கிற நேரத்தில் சிங்காரவேலுவின் போன் அடித்தது. திரையில் வில்லியனூர் என்று வந்தது. டவர் சாகாமல் நின்றதால் வந்த அழைப்பு. பதற்றத்தில் அவர் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. ஹார்டுவேர்காரரின் குரல் கடை முழுக்க, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கணீரென்று ஒலித்தது. பெண்ணைப் பற்றி முடிவு என்ன என்று கேட்டார்.

சிங்காரவேலு புகழ்வேந்தனைப் பார்த்தார். அவன் கையில் இன்னும் ஸ்பேனர் இருந்தது. மகளைப் பார்த்தார். அவள் தரையில் கிடந்த கடைசிச் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஹலோ," என்றார் சிங்காரவேலு. "ஹலோ... இன்னா? கேக்கலியே. இங்க இடிச்சிடுச்சிங்க. டவரு போயிடுச்சி. சுத்தமா சிக்னல் இல்ல."

மறுமுனையில் இருந்தவர், தனக்கு நன்றாகக் கேட்கிறதே என்றார்.

"ஒங்களுக்குக் கேக்குது, எனக்குக் கேக்கல," என்று சொல்லி சிங்காரவேலு போனை வைத்துவிட்டார். "எங்க மாப்ள பாத்துக்கற டவரு. எப்ப எடுக்கணும் எப்ப எடுக்கக் கூடாதுன்னு அதுக்குத் தெரியும்."

காசம்மாள்தான் முதலில் குலவை போட்டாள். மழை அப்போதுதான் கொட்ட ஆரம்பித்திருந்தது. புகழ்வேந்தன் நாலு கோடு சிக்னலில் கரியமாணிக்கத்துக்குப் போன் போட்டான். தெய்வநாயகி முதல் மணியிலேயே எடுத்தாள். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால், தாம்பாளத்தைத் தூக்குகிற சத்தம் கேட்டது.